கண்ணை மூடாமல் கேளுங்கள்

ராயப்பன்பட்டி
13.06.2024

ஜெஸ்லினின் அப்பாவுக்கு,

திங்கட்கிழமையிலிருந்து என் போனில் உங்கள் பெயர் வந்து வந்து போகிறது. நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் எந்தச் சண்டை வந்தாலும், நான் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே "சரி, ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிடுவீர்கள். ஜெபத்தின் நடுவில் யார் பேச முடியும்? நானும் கண்ணை மூடிக்கொண்டு, என் வாயைக் கட்டும்படி நீங்கள் கர்த்தரிடம் விண்ணப்பம் போடுவதைக் கேட்டுவிட்டு, கடைசியில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். போனிலும் அதைத்தான் செய்வீர்கள். கடிதத்தைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தாக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நம் மகளுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அப்போதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன், எழுதுகிறேன்.

இரண்டாவது பாட்டில் கீபோர்டு சத்தம் தப்பியது. திரும்பிப் பார்த்தால் ஜெஸ்லினின் இடது கை வெட்டி வெட்டி இழுக்கிறது. ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தாள். நீங்கள் மைக்கைக் கீழே வைக்காமலே வந்தீர்கள். தலையில் கை வைத்து, சபையாரைக் கை நீட்டச் சொன்னீர்கள். சகோதரிகள் ஓடிவந்து ஆளுக்கொரு கையையும் காலையும் பிடித்து அமுக்கினார்கள். பிடிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னபோது தலையாட்டினவர் நீங்கள். அவள் மல்லாந்து கிடந்தாள். வாயிலிருந்து நுரை வழிந்தது. உங்கள் மைக் அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அந்தச் சத்தத்தோடு சேர்த்து நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள்.

நான் அவர்களைத் தள்ளினேன், உங்களையும் தள்ளினேன். எதிரே ஆட்டோ போட்டிருந்த ஷானவாஸ் தம்பிதான் செருப்போடு உள்ளே ஓடிவந்து அவளைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக எப்போது மாத்திரை போட்டாள் என்று கேட்டார்கள். நேற்று ராத்திரி நானே எடுத்துக் கொடுத்தேன் என்றேன். கண் விழித்ததும் அவள் சொன்னாள், ஒரு மாதமாகவே போடவில்லையாம். நான் கொடுத்ததையெல்லாம் கை கழுவுகிற தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறாள். ஏண்டி என்று கேட்டேன்.

"மே மாசக் கூட்டத்துல அப்பா என்னய மேடைக்குக் கூப்ட்டு சாட்சி சொல்லச் சொன்னாகல்ல. நான் சொகமாயிட்டேன்னு மைக்ல சொல்லிட்டேன்லம்மா. பொறவும் மாத்திரை போட்டா அது பொய்யாப் போயிரும்ல. அப்பாவும் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறோம். இங்கேயும் அவள் மாத்திரை போடவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணின் வாயில் திணிக்கலாம், விழுங்க வைக்க முடியுமா? பொடித்துச் சாப்பாட்டில் கலந்துவிடு என்கிறாள் மதினி. மாட்டேன் என்றேன். அவளை ஒருவர் ஏமாற்றியது போதும்.

நான் கேட்பது ஒன்றுதான். அதே மேடையில், அதே மைக்கில், என் மகள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், இனியும் சாப்பிடுவாள், சுகமானதாகச் சொல்லச் சொன்னது நான்தான் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவள் விழுங்குவாள்.

அண்ணன் திராட்சை லோடோடு தேனிக்கு வருகிறான், கொடுத்து அனுப்புகிறேன். உங்களோடு அவன் பேச மாட்டானாம். "பேசுனா கை நீட்டிருவேன் ஆத்தா, பொறவு சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு நான்ல போகணும்" என்கிறான்.

அமலோற்பவம்


பழனிசெட்டிபட்டி
16.06.2024

கர்த்தருக்குள் பிரியமான அமலோற்பவத்துக்கு,

நமது இரட்சகரின் நாமத்தில் வாழ்த்துதல்கள்.

உன் அண்ணன் கடிதத்தை என் கையில் கொடுக்காமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இன்று ஆராதனை முடிந்து பெட்டியைத் திறந்த சபை மூப்பர் அழகுமலை, "ஐயா, அம்மா காணிக்கை போட்டுருக்காக" என்று எல்லார் முன்னாலும் எடுத்து நீட்டினார். சிலர் சிரித்தார்கள். இதற்குத்தான் ஆசைப்பட்டாயா?

நீ பார்த்ததையெல்லாம் எழுதினாய். நீ செய்ததையும் எழுதியிருக்கலாம். அன்றைய ஆராதனை யூடியூபில் லைவாகப் போய்க்கொண்டிருந்தது. கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உனக்குக் காய்ச்சல் என்றால் நம் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்கிற சகோதரிகளை "கையை எடுங்கடி" என்றாய். கட்டின புருஷனை, ஒரு சபையின் மேய்ப்பனை, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாய். அந்த வீடியோவை நான் நீக்கிவிட்டேன், ஆனால் வெட்டி வைத்திருக்கிறவர்கள் வாட்ஸப்பில் சுற்ற விட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் முகத்தில் கரி பூசிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டு எனக்கே நிபந்தனை போடுகிறாய்.

நான் மாத்திரையை நிறுத்தச் சொன்னேனா? ஒரு நாளாவது சொன்னேனா? இரண்டு வருஷமாக அவளுக்கு வலிப்பு வரவில்லை. அது கர்த்தர் செய்தது என்று நான் நம்பினேன், நம்பியதைச் சொல்லச் சொன்னேன். அந்தச் சாட்சியைக் கேட்டு எத்தனை குடும்பங்கள் சபைக்கு வந்தன என்று உனக்குத் தெரியும். இப்போது நான் ஏறி நின்று அது அப்படி இல்லை என்றால் அவர்கள் கதி என்ன? அழகுமலை நேற்றே ஜாடையாகச் சொல்லிவிட்டார், ஐயா வாய் தவறினால் மந்தை சிதறிவிடும் என்று.

ஜெஸ்லினிடம் போனைக் கொடு. நான் சொன்னால் கேட்பாள். மாத்திரையைச் சத்தமில்லாமல் போட்டுக்கொள்ளட்டும். கல்லூரி திறக்கப் போகிறது, வீட்டுக்கு வாருங்கள். சபையில் எல்லாரும் கேட்கிறார்கள். அம்மா உபவாச ஜெபத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது உனக்காக ஜெபிக்கிறேன். அன்பின் ஆண்டவரே, இந்த மகளின் கோபத்தை மாற்றும். அவளுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும். அவளுடைய நாவுக்குக் காவல் வையும். ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
பாஸ்டர் சுருளிராஜன்


ராயப்பன்பட்டி
19.06.2024

ஜெஸ்லினின் அப்பாவுக்கு,

கடிதத்தில்கூட ஜெபம் பண்ணிவிட்டீர்கள். உங்களை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பத்தியை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டேன். மதினி பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கல்யாணப் பத்திரிகை வைத்தவர்களுக்கும் கர்த்தருக்குள் பிரியமான என்றுதான் பதில் எழுதுகிறீர்கள், எனக்கும் அதே. கடைசியில் பாஸ்டர் என்று கையெழுத்து வேறு. நான் பாஸ்டருக்கு எழுதவில்லை.

உபவாசமாம். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உங்களுக்காக நான் முழங்காலில் நிற்கிறேன் என்று சகோதரிகள் நினைத்து அழுகிறார்கள் போல. இங்கே மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நேற்று மதினி அயிரை மீன் குழம்பு வைத்தாள், இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதையும் சபையில் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டபடி ஜெஸ்லினிடம் போனைக் கொடுக்கவில்லை, கடிதத்தைக் கொடுத்தேன். சத்தமில்லாமல் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அது பொய்னு அப்பாவுக்கே தெரியுமாம்மா?" என்றாள். மூன்றாம் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் அழிரப்பரைத் தெரியாமல் எடுத்து வந்ததற்கு, மழையில் அவளை நடத்திக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுக்க வைத்தீர்களே. பொய் சொல்லாத பிள்ளையாக வளர்த்தது நீங்கள். அந்தப் பிள்ளையை மேடையில் நிறுத்திச் சொல்ல வைத்ததும் நீங்கள். தான் சொன்னதை உண்மையாக்க அவள் உயிரைப் பணயம் வைக்கிறாள். சத்தமில்லாமல் போடு என்கிறீர்கள்.

சத்தமில்லாமல் போடுவதில் நீங்கள் கைதேர்ந்தவர், அது எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகக் காலைக் காப்பியோடு உங்கள் பிரஷர் மாத்திரையை எடுத்துத் தட்டில் வைக்கிறவள் நான். அழகுமலை அண்ணனுக்குத் தெரியாது, சபைக்குத் தெரியாது. வீட்டுக்கு யாராவது வந்தால் நான் மாத்திரைப் பட்டையை முந்தானையில் மறைத்திருக்கிறேன். ஜெஸ்லினுக்கும் தெரியக் கூடாது என்றீர்கள், அதற்கும் சரி என்றேன். நாங்கள் வந்த பிறகு அதைப் போட்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள். எங்கே இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. சமையல்கட்டில்தான் இருக்கிறது. எந்த டப்பா என்று நான் சொல்லப் போவதில்லை. மந்தை சிதறாமல் தேடிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை ஷானவாஸ் தம்பியிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்குக் காணிக்கைப் பெட்டிதான் பிடித்திருக்கிறதாம். வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறேன்.

அமலோற்பவம்


பழனிசெட்டிபட்டி
22.06.2024

பிரியமான அமலோற்பவத்துக்கு,

ஸ்தோத்திரம்.

எல்லா டப்பாவையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். பருப்பும் கடுகும் ஒன்றாகிவிட்டன. கூட்டிப் பெருக்க வந்த சகோதரி, என்னய்யா தேடுறீக என்று கேட்டார். சாவி என்றேன். இரண்டு நாளாகப் பின்மண்டை விண்விண் என்று வலிக்கிறது. மெடிக்கலில் போய் வாங்கலாம் என்றால் பெயர் தெரியாது. ஊர்க் கடையில் நின்று விசாரிக்கவும் முடியாது, நம் சபை விசுவாசிதான் அங்கே வேலை பார்க்கிறார். இப்படி ஒரு மனுஷனைத் தவிக்க விடுகிறாய். இது எந்த ஊர் நியாயம்?

நீ என்னைக் கோழை என்று எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி அதைத்தான் சொல்கிறாய். ஒன்று கேட்கிறேன். நீ ராயப்பன்பட்டியில் பிறந்தவள். நீ பிறக்கும் முன்பே உனக்கு ஊர் நடுவில் வேதக் கோயில் கட்டி, மணி கட்டி, சொந்தபந்தமெல்லாம் கூட்டி வைத்திருந்தார்கள். எனக்கு யார் கட்டி வைத்தார்கள்? ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு ஈர வேட்டியோடு வீட்டுக்குப் போனவனை என் அப்பா வாசலோடு திருப்பி அனுப்பினார். அவர் செத்ததற்கு என்னை வாய்க்கரிசி போட விடவில்லை. அந்தத் தெருவைத் தாண்டி வந்து, ஓலைப் பந்தலில் ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்த சபை இது. மூங்கில் நட்டது நான். தகரம் போட ஏணியில் ஏறியது நான். அப்போது நீயும் கைப்பிள்ளையோடு கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாய், மறந்துவிட்டாயா? அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உடைத்துப் போடு என்கிறாய். எனக்குக் கோபம் வராதா?

இன்னொன்று. வருகிற 29ஆம் தேதி வைகை அணையில் ஊழியக்காரர்களின் குடும்ப முகாம். போன மாதமே என்னைப் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். தலைப்பு, மேய்ப்பன் தன் வீட்டாரை அன்பாக நடத்துவது. நம் மூன்று பேர் படத்தையும் போட்டு பிளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாப்பில் கட்டியாகிவிட்டது. அந்த ஒரு நாள் மட்டும் ஜெஸ்லினோடு வந்து என் பக்கத்தில் உட்கார். நீ பேச வேண்டாம். முடிந்ததும் ராயப்பன்பட்டிக்கே போய்க்கொள். நான் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்.

ஜெபத்துடன்,
சுருளிராஜன்


ராயப்பன்பட்டி
26.06.2024

ஜெஸ்லினின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த திங்கட்கிழமையே அவளுக்கு மறுபடியும் வந்தது. வீட்டில் அடைந்து கிடக்காதே என்று அண்ணன் அவளைத் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். பந்தலுக்குக் கீழே கல்தூணில் சாய்ந்து நின்றவள் அப்படியே சரிந்திருக்கிறாள். நாக்கைக் கடித்துவிட்டாள். தூணில் அடிபட்டு உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது. அண்ணன் அவளைத் தூக்கி வந்தபோது அவன் சட்டை முழுக்க ரத்தம். இப்போது பேச முடியவில்லை, கஞ்சிதான் இறங்குகிறது. இனியும் மாத்திரை போடாவிட்டால் எழுந்திருக்காமலே போய்விடலாம் என்று உத்தமபாளையத்து டாக்டர் அவள் முகத்துக்கு நேரே சொன்னார். ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நீட்டினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். போனில் எழுதிக் காட்டினாள்: அப்பா சொல்லட்டும்.

மாத்திரையை நீட்டின அதே கையில்தான் உங்கள் பிளெக்ஸ் செய்தி இருந்தது. அன்பாக நடத்துவது. எழுதும்போது கை கூசவில்லையா? அந்தப் படத்தை எனக்குத் தெரியும், கிறிஸ்துமஸ் அன்று எடுத்தது. முந்தின நிமிஷம் வரை அவள் அழுதுகொண்டிருந்தாள். தலையில் பூ வைத்ததற்குத் திட்டிவிட்டு, "பாஸ்டர் பிள்ளை மாதிரி நில்லு" என்று தோளைப் பிடித்துத் திருப்பினீர்கள். இருந்தும் உங்களுக்காகச் சிரித்தாள். இப்போது அந்த உதட்டில் தையல் இருக்கிறது. புதுப் படம் எடுத்து அனுப்பட்டுமா, பிளெக்ஸில் ஒட்டிக்கொள்கிறீர்களா?

உங்கள் அப்பா உங்களை வாசலில் நிறுத்தியது அநியாயம்தான். அதை நினைத்து உங்களுக்காக எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். ஆணி எடுத்துக் கொடுத்ததும் மறக்கவில்லை. ஆனால் தன் பேச்சு நிற்க வேண்டும் என்று பெற்ற பிள்ளையை வெளியே நிறுத்தினவர் அவர். நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள்?

முகாமுக்கு நாங்கள் வர மாட்டோம்.

அமலோற்பவம்

சீரகத்துக்குப் பின்னால் மஞ்சள் மூடி டப்பா. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. செத்துத் தொலைத்துவிடாதீர்கள், நான் உங்களோடு இன்னும் சண்டை போட்டு முடிக்கவில்லை.


பழனிசெட்டிபட்டி
01.07.2024

பிரியமான அமலோற்பவத்துக்கு,

டப்பா கிடைத்தது. மூன்று நாளாகப் போடுகிறேன். தலைவலி குறைந்திருக்கிறது. நன்றி.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் கிடைத்தது. ஜெஸ்லின் நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று படித்ததும் போட்டிருந்த சட்டையோடு தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கம்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். அப்போது அழகுமலை போன் பண்ணினார். நம் சபைப் பாண்டீஸ்வரி பூக்கடையில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, ஐயா உடனே வரணும் என்றார். இறங்கி அங்கே போனேன். ஜெஸ்லின் சாட்சி சொன்ன நாளிலிருந்து பாண்டீஸ்வரி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டதாம். பாஸ்டர் மகளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறது. அதன் மகன் விஜய்பாண்டி ஆஸ்பத்திரி வாசலில் என் சட்டையைப் பிடித்துவிட்டான். பிழைத்துக்கொண்டது, கர்த்தருக்கு நன்றி.

சனிக்கிழமை முகாமில் பேசினேன். மேடையில் என் பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தன. கேட்டவர்களிடம் உங்கள் இருவருக்கும் காய்ச்சல் என்றேன். கூட்டம் நன்றாக இருந்தது, சிலர் அழுதார்கள். சால்வை போட்டார்கள்.

நேற்று ஆராதனையில் நீ கேட்டதைச் செய்துவிட்டேன். மருத்துவர்களையும் கர்த்தர்தான் தந்திருக்கிறார், யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அறிவிப்பில் தெளிவாகச் சொன்னேன். அழகுமலைக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னேன். லைவில் பார்த்திருப்பீர்கள். இனிமேலாவது கோபத்தை விட்டுவிட்டு அவளுக்கு மாத்திரையைக் கொடு. எப்போது வருகிறீர்கள்?

சுருளிராஜன்


ராயப்பன்பட்டி
03.07.2024

ஜெஸ்லினின் அப்பாவுக்கு,

பார்த்தோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கே போனில் சார்ஜ் போட்டு, அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டம்ளரில் சாய்த்து வைத்து, குளித்துத் தலை சீவி உட்கார்ந்திருந்தாள் உங்கள் மகள். மாத்திரையையும் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள். அதை நான் எடுத்து வைக்கவில்லை. நீங்கள் சொன்னதும் போடலாம் என்று அவளே வைத்திருந்தாள்.

அறிவிப்பு நேரம் வந்தது. அடுத்த வாரம் வாலிபர் கூட்டம், பிறகு மாத்திரையை நிறுத்த வேண்டாம், பிறகு பைக்குகளை வரிசையாக நிறுத்தவும். அவள் கடைசி ஜெபம் வரைக்கும் காத்திருந்தாள். லைவ் முடிந்த பிறகு, வலிக்கிற நாக்கை வைத்துக்கொண்டு முதல் தடவையாகப் பேசினாள். "என்னயப் பத்தி ஒண்ணுமே சொல்லலயேம்மா." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாத்திரையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அதை எங்கே போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கிப் போனீர்கள். அதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? பாண்டீஸ்வரி அக்காவுக்கு மகன் இருக்கிறான், டாக்டர் இருந்தார். ஜெஸ்லினுக்கு அப்பா ஒருவர்தான். அக்கா மயங்கி இரண்டாம் நாளே மைக்கில் சொல்லத் தெரிந்தது. மகள் இரண்டு தடவை விழுந்தாள், உதடு கிழிந்தது, நீங்கள் சால்வை வாங்கிக்கொண்டிருந்தீர்கள். முதலில் சுகம் என்றீர்கள், பிறகு உபவாசம், இப்போது காய்ச்சல். எங்களைப் பற்றி ஊரில் நீங்கள் சொன்னதில் ஒன்றாவது உண்மையா?

சபையார் யாருக்கு என்ன நடந்தாலும் ஓடுகிறீர்கள். ஓடுங்கள், நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. ஆறின சோற்றை எத்தனை தடவை சூடு பண்ணி வைத்திருக்கிறேன். அவர்களுக்கு நல்ல மேய்ப்பர்தான். எங்களுக்கு நீங்கள் யார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கல்லூரித் தாளில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அண்ணன் போடுகிறேன் என்கிறான்.

இனி நான் எழுத மாட்டேன்.

அமலோற்பவம்


பழனிசெட்டிபட்டி
05.07.2024

அமலி,

இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. உனக்கும் கோபம் வரலாம். வரட்டும்.

எனக்கும் உன் மேல் கோபம் போகவில்லை. நீ எழுதியதில் சில வார்த்தைகளை ஒரு புருஷனுக்கு எழுதக் கூடாது. ஆனால் இரண்டு நாளாக உனக்குப் பதிலாக என்னோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் அந்த போன் வந்தபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. பாண்டீஸ்வரிக்காகப் பதறி இறங்கவில்லை. ஜெஸ்லின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜெபிப்பது எனக்குத் தெரிந்த வேலை. அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கர்த்தரைக் கூப்பிட்டால் நான் பேச வேண்டியதில்லை என்று இத்தனை வருஷமாகப் பழகிவிட்டேன். நீ முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அழகுமலையிடம் நேற்று சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை என்ன பேசப் போகிறேன் என்று. அவர் வீட்டு இடத்தில்தான் சபை நிற்கிறது, உனக்குத் தெரியும். "அப்படிச் சொன்னீகன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்யா, என் பின்னால வர்றவுகளும் வந்துருவாக" என்றார். சரி என்றேன்.

பார்க்கச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தாதே. பார்த்தால் பார்க்கட்டும். கல்லூரித் தாளில் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டாம். திங்கட்கிழமை வரைக்கும் வைத்திரு.

சுருளி


ராயப்பன்பட்டி
08.07.2024

என்னங்க,

எழுத மாட்டேன் என்றேன், எழுதுகிறேன். நேற்று இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அந்தப் பக்கம் நின்றிருந்தீர்கள். நான் பார்த்தேன்.

பார்க்க மாட்டேன் என்றுதான் அவள் சொன்னாள். நான் அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு தனியாகப் பார்த்தேன். நீங்கள் வெள்ளை ஜிப்பா போடாமல் வீட்டுச் சட்டையோடு மேடையில் ஏறியதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தேன். உங்கள் குரலைக் கேட்டு அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மக ஜெஸ்லினுக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை சாப்பிட்டதாலதான் ரெண்டு வருசம் வராம இருந்துச்சு. சொகமாயிட்டேன்னு அவளச் சொல்ல வச்சது நானு. பொய் எம்பேர்ல. பிள்ள பேர்ல இல்ல."

அவள் கதவை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தாள். அழகுமலை அண்ணன் எழுந்ததும் அவர் பின்னால் நாற்காலிகள் நகர்ந்த சத்தமும் கேட்டது. நீங்கள் மைக்கைக் கீழே இறக்கினீர்கள். நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் மஞ்சள் மூடி டப்பாவை எடுத்தீர்கள். ஆறு வருஷமாக நானும் இதைச் சாப்பிடுகிறேன், என் மனைவியை மறைக்க வைத்தேன் என்று சொல்லி, அத்தனை பேர் பார்க்க மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தீர்கள். அது இறங்கவில்லை. இன்னும் ஒரு வாய் குடித்தீர்கள், இருமினீர்கள், சட்டையெல்லாம் தண்ணீர்.

ஜெஸ்லின் சிரித்துவிட்டாள். தையல் இழுத்து வலிக்க வாயைப் பொத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். "அப்பாவுக்கு முழுங்கவே தெரியலம்மா. நாக்குக்குப் பின்னால வைக்கணும், அதச் சொல்லித் தரணும்" என்றாள். பிறகு அவளாகவே போய்ப் பெட்டியைத் திறந்து, தன் மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் கேட்கவில்லை, அவளே வாயைத் திறந்து காட்டினாள். ராத்திரியும் போட்டாள். இன்று காலையும் போட்டாள்.

பாதிச் சபை போய்விட்டது என்று ஷானவாஸ் தம்பி அண்ணனிடம் சொன்னானாம். இடத்தை அழகுமலை அண்ணன் எடுத்துக்கொண்டால் மறுபடியும் பந்தல் போட வேண்டியதுதான். ஆணி எடுத்துக் கொடுக்க நான் வருவேனா என்று இப்போதே கேட்காதீர்கள். என் கோபம் தீரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீர்கிற கோபம் இல்லை இது. அவள் பல்லைக் கடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கல்லூரித் தாளில் அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் வந்து போடுங்கள். வழியில் யார் போன் பண்ணினாலும் பஸ்ஸை விட்டு இறங்காதீர்கள். அண்ணன் கை நீட்ட மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் பண்ணியிருக்கிறான், வாசலில் நின்று முறைப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜெஸ்லினிடம் போய் உட்காருங்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். மாத்திரை விழுங்க அவள் சொல்லித் தருவாள்.

அதற்குப் பிறகு என்னிடம் வாருங்கள். ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபிக்கலாம், ஆனால் நான் பேசி முடித்த பிறகு. எனக்குப் பேச நிறைய இருக்கிறது. அதுவரைக்கும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருங்கள்.

அமலி